சம்ப் கசிந்தால் வெளியே பூசாதீர்கள்: உள்ளே இருந்துதான் அடைக்க வேண்டும்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். கிருஷ்ணகிரியில் வீடு. மேலே 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி, அதில் இரண்டு பெரிய ஆஸ்கார் மீன்கள். கீழே அலமாரிக்குள் 3 அடி நீளக் கண்ணாடி சம்ப், அதாவது மேல் தொட்டித் தண்ணீர் இறங்கி, வடிகட்டப்பட்டு, பம்ப் மூலம் திரும்ப மேலே போகிற ஃபில்டர் தொட்டி; அகலமும் உயரமும் ஒன்றேகால் அடி. அதன் பின்பக்க வலது மூலையில் அடியில் ஈரம். ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தேங்குகிறது. தண்ணீரை வடிக்காமல், மீனைத் தொந்தரவு செய்யாமல், வெளிப்பக்கம் சிலிக்கான் பசை பூசி நிறுத்திவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியாது. பூசினால் இரண்டு நாள் நின்றது போலத் தெரியும், அப்புறம் பக்கத்தில் இன்னொரு இடத்தில் வழியும். காரணம் எளிது. சிலிக்கான் ஈரக் கண்ணாடியில் பிடிக்காது. கசிகிற இடம் என்றாலே அங்கே ஈரம் இருக்கிறது. அதோடு, தண்ணீர் உள்ளே இருந்து வெளியே தள்ளுகிறது. உங்கள் சம்ப்பில் 30 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால், பின்பக்கக் கண்ணாடி முழுவதையும் சேர்த்து ஏறக்குறைய 40 கிலோ விசை வெளிப்பக்கமாக அழுத்துகிறது. உள்ளே பூசிய சிலிக்கானை அந்த அழுத்தம் கண்ணாடியோடு சேர்த்து அமுக்கும். வெளியே பூசியதை அதே அழுத்தம் கண்ணாடியிலிருந்து உரிக்கும். எம்-சீல் போன்ற எபாக்ஸி மாவை அப்புகிறவர்களும் உண்டு. அது கல் மாதிரி இறுகிவிடும். தண்ணீர் ஏறி இறங்கும்போது கண்ணாடி லேசாக வளைந்து நிமிரும், இறுகிய மாவு அதோடு வளையாமல் விளிம்பில் விட்டுக்கொள்ளும்.

ஆகவே சம்ப்பைக் காலி செய்துதான் ஆகவேண்டும். பயப்பட வேண்டாம், இது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் பிளேடை எடுப்பதற்கு முன்னால், கசிவது உண்மையிலேயே கண்ணாடி மூட்டுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தருமபுரியில் கண்ணாடித் தொட்டி ஒட்டிக்கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், "சம்ப் ஒழுகுது" என்று என்னிடம் வருகிற பலரிடம் சம்ப் ஒழுகுவதே இல்லை.

முதல் சந்தேகம் கரண்ட். கரண்ட் போனால், சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுகிற ரிட்டர்ன் பம்ப் நின்றுவிடும். மேல் தொட்டியில் ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு (தண்ணீர் வழிந்து சம்ப்புக்கு இறங்குகிற வாய்க்கு) மேலே நிற்கிற தண்ணீரும், ரிட்டர்ன் குழாய் வழியாகத் திரும்பி உறிஞ்சப்படுகிற தண்ணீரும் கீழே இறங்கும். உங்கள் மேல் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் மட்டம் இறங்கினால் கிட்டத்தட்ட ஐந்தரை லிட்டர். ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் ஆழமாக இருந்தால், அந்த வாய் வெளியே தெரிகிற வரை தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். 3 சென்டிமீட்டர் இறங்கினால் 17 லிட்டர், அதாவது சம்ப்பில் 5 சென்டிமீட்டர் உயரும். ராத்திரி கரண்ட் போய் வந்திருக்கும், சம்ப் விளிம்பு வரை வந்து கொஞ்சம் வழிந்திருக்கும், காலையில் எழுந்து பார்த்தால் மட்டம் சரியாக இருக்கும், அடியில் மட்டும் ஈரம். இதைச் சோதிப்பது சுலபம். பம்ப் சுவிட்சை நீங்களே அணைத்துவிட்டு, சம்ப்பில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஏறி நின்ற இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். விளிம்புக்குக் கீழே நாலு விரல் இடமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

இன்னொன்று பஞ்சு. ஃபில்டர் பஞ்சின் ஓரம் சம்ப் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கினால், திரி எண்ணெயை இழுப்பது போல அது தண்ணீரை உறிஞ்சி வெளியே சொட்டும். ஹீட்டர் ஒயர், ஏர் டியூப் வழியாகவும் தண்ணீர் ஊர்ந்து வரும். மேலிருந்து விழுகிற குழாய் முனையில் குமிழி வெடித்துச் சிதறுவது, மூடிய அலமாரிக்குள் ஆவி படிந்து கதவோரம் இறங்குவது, பம்ப் குழாயின் கிளிப் தளர்ந்து பின்பக்கமாக ஓடுவது, எல்லாமே கடைசியில் சம்ப்பின் அடிமூலையில்தான் வந்து சேரும்.

நம் பக்கத்துத் தண்ணீர் இந்த விஷயத்தில் ஒரு உதவி செய்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீர் கடின நீர் என்று எல்லோருக்கும் தெரியும். பாறைக்குள் கிடந்து சுண்ணாம்பும் ஃப்ளோரைடும் கரைந்து வருகிற தண்ணீர். அது எங்கே கசிந்து காய்ந்தாலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும். டார்ச் அடித்து, சம்ப்பின் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாகப் பாருங்கள். வெள்ளைக் கோடு மேல் விளிம்பில் தொடங்கி இறங்கினால் அது வழிந்த தண்ணீர் அல்லது சிதறிய தண்ணீர். கோடு எதுவும் இல்லாமல், கண்ணாடி சேர்கிற மூட்டிலிருந்தே வெள்ளை புறப்பட்டால் அது கசிவு. அப்புறம் வெளிப்பக்கம் முழுவதையும் நன்றாகத் துடைத்து, மூட்டுகளின் ஓரமாக டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து வரிசையாக ஒட்டி வையுங்கள். எந்தத் துண்டு முதலில் நனைகிறது என்று பார்த்தால் போதும்.

இப்படிப் பார்த்தும் மூட்டுதான் என்றால், அடுத்த கேள்வி எந்த மூட்டு என்பது. கண்ணாடித் தொட்டியில் சிலிக்கான் இரண்டு இடத்தில் இருக்கிறது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே, விளிம்பில் மெல்லியதாக இருப்பது ஒன்று. தொட்டியைப் பிடித்து நிறுத்துவதே அதுதான். உள்மூலையில் முக்கோணமாக ஓடுவது இன்னொன்று. அது நடு மூட்டுக்குத் தண்ணீர் போகாமல் காக்கிற கரை. சம்ப்பில் பெரும்பாலும் கெடுவது இந்த உள்கரைதான். பாசி சுரண்டும்போது பிளேடு பட்டிருக்கும், ஃபில்டருக்குப் போடுகிற செராமிக் ரிங் மூட்டையை இழுத்து வைக்கும்போது உரசியிருக்கும், அல்லது மலிவு சிலிக்கான் வருடங்கள் போகப் போகச் சுருங்கி ஓரம் தூக்கியிருக்கும்.

வெளியே இருந்து, கண்ணாடியின் விளிம்பைப் பக்கவாட்டில் வெளிச்சம் வைத்துப் பாருங்கள். நடுமூட்டு ஒரே நிறத்தில், இடைவெளி இல்லாமல் தெரிந்தால் அது நன்றாக இருக்கிறது. அங்கங்கே சின்னக் குமிழி இருப்பதில் தப்பில்லை. ஆனால் வெள்ளி மாதிரி மினுக்குகிற கீற்று, கண்ணாடி அகலத்தில் பாதிக்கு மேல் ஓடினால் மூட்டு விட்டுக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். மூட்டு அப்படி விட்டிருந்தால் உள்கரையை மட்டும் மாற்றுவது போதாது. கண்ணாடிகளை முழுவதும் பிரித்து, பழையதைச் சுரண்டி மறுபடி ஒட்ட வேண்டும். அதை ஒட்டத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். 5 மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்த பழைய சம்ப் என்றால், அந்த உழைப்புக்குப் புதியது செய்வதே மேல். கண்ணாடியிலேயே விரிசல் என்றால் சிலிக்கான் தீர்வே இல்லை, அந்தக் கண்ணாடியை மாற்ற வேண்டும். சம்ப் கண்ணாடியாக இல்லாமல் அக்ரிலிக்காக இருந்தாலும் நான் சொல்லப்போகிறது பொருந்தாது. சிலிக்கான் அக்ரிலிக்கில் நிலையாகப் பிடிக்காது, அதற்குக் கரைத்து ஒட்டுகிற தனிப் பசை உண்டு.

நீங்கள் சொல்கிற அளவு, ஒரு நாளைக்கு ஒரு டம்ளர், அநேகமாக உள்கரைப் பிரச்சினைதான்.

சம்ப்பை வெளியே எடுப்பதற்கு முன் மீனுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தொட்டியின் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா பெரும்பகுதி சம்ப்பில் இருக்கிற செராமிக் ரிங், பயோ பால், ஸ்பாஞ்ச் ஆகிய ஃபில்டர் பொருள்களில்தான் (மீடியா என்பார்கள்) குடியிருக்கிறது. அவற்றை ஒரு பக்கெட்டில் தண்ணீரோடு போட்டு மூலையில் வைத்தால், ஆக்ஸிஜன் இல்லாமல் அந்தக் கூட்டம் சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்கும். வெங்காயம் வருகிற வலைப்பை இருக்கிறதே, அதைப் புதிதாக வாங்கி நன்றாகக் கழுவி, மீடியாவை அதில் போட்டு மேல் தொட்டியிலேயே தொங்கவிடுங்கள். அடியில் காற்றுக் குமிழி விடுகிற ஏர் ஸ்டோன் ஒன்று ஓடட்டும். மீடியாவைக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம். ஆஸ்கார் நிறையத் தின்று நிறையக் கழிக்கிற மீன். இந்த நாட்களில் தீனியை நிறுத்திவிடுங்கள். வளர்ந்த ஆஸ்கார் மூன்று நான்கு நாள் தீனி இல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது, அதற்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொஞ்சமாகப் போடலாம். நாலில் ஒரு பங்கு தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுங்கள். அம்மோனியா டெஸ்ட் கிட் இருந்தால் தினமும் ஒரு தடவை பாருங்கள். கரண்ட் போனாலும் நிற்காத பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருந்தால் நிம்மதி.

ஹீட்டர் இருந்தால் அதை அணைத்து, கால் மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு தண்ணீரை வடியுங்கள். பிளக்குகளை எல்லாம் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டுத்தான் ஈரத்தில் கை வைக்க வேண்டும்.

இப்போது சிலிக்கான். கடையில் "சிலிக்கான் கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது அசிட்டிக் வகை, காயும்போது வினிகர் வாடை அடிக்கும். கண்ணாடியில் கெட்டியாகப் பிடிப்பது அது. பாத்ரூம், கிச்சன், சானிட்டரி என்று எழுதியிருப்பதை வாங்கவே வேண்டாம். பூஞ்சை வராமல் இருக்க அதில் மருந்து கலந்திருப்பார்கள், அது தண்ணீரில் கசிந்து மீனுக்கு விஷமாகும். 'ஆன்ட்டி ஃபங்கஸ்' என்ற வார்த்தை டியூபில் எங்கே இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மீன்தொட்டிக்கு ஏற்றது என்று தெளிவாக அச்சிட்டிருப்பதுதான் பாதுகாப்பு. ரொம்ப மலிவாகக் கிடைப்பதில் கனிம எண்ணெய் கலந்து அளவைக் கூட்டியிருப்பார்கள். புதிதில் வித்தியாசம் தெரியாது, எண்ணெய் வெளியேறிய பிறகு சுருங்கும். கிருஷ்ணகிரியில் நல்லது கிடைக்காவிட்டால் ஓசூரிலோ பெங்களூரிலோ கிடைக்கும், அதற்காக ஒரு வாரம் காத்திருந்தாலும் பரவாயில்லை.

டியூபின் அடியில் காலாவதித் தேதி இருக்கும், அதை அவசியம் பாருங்கள். வெயிலில் அடுக்கிவைத்த பழைய டியூப், பிழிந்தால் நன்றாகத்தான் வரும், ஆனால் வாரக்கணக்கில் பிசுபிசுப்பாகவே நிற்கும். வாங்கி வந்ததும் ஒரு கண்ணாடித் துண்டைச் சுத்தமாகத் துடைத்து, அதில் ஒரு கோடு போட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி இழுங்கள். ரப்பர் மாதிரி நீண்டு, பிய்ந்தாலும் கண்ணாடியை விடாமல் இருந்தால் நல்ல சரக்கு. பட்டை மாதிரி சுத்தமாக உரிந்து வந்தால் அந்த டியூபை ஒதுக்கிவிடுங்கள்.

இனி வருவதுதான் முக்கியமான வேலை. நேரத்தில் பத்தில் எட்டுப் பங்கு இதற்குப் போக வேண்டும்.

புதுச் சிலிக்கான் காய்ந்த பழைய சிலிக்கானில் ஒட்டாது. ஒட்டியது போல இருக்கும், அழுத்தம் வந்தால் இரண்டுக்கும் நடுவே தண்ணீர் நுழையும். ஆகவே பழையதன் மேலேயே ஒரு பூச்சு என்ற யோசனையை விட்டுவிடுங்கள். பழைய உள்கரையைக் கண்ணாடி வரை சுரண்டி எடுக்க வேண்டும். எவ்வளவு தூரம்? ஈரம் தெரிகிற மூலையில் மட்டும் எடுத்தால் போதும் என்று தோன்றும். போதாது. தண்ணீர் உள்கரையில் ஒரு இடத்தில் நுழைந்து, நடுமூட்டின் ஓரமாகவே ஓடி, வேறொரு இடத்தில்தான் வெளியே தலைகாட்டும். இடது பக்கம் நுழைந்து வலது மூலையில் சொட்டலாம். அடிப்பக்கம் நாலு புறமும், நாலு செங்குத்து மூலையும் புதிதாகப் போட்டால்தான் நம்பலாம்.

உங்கள் சம்ப்பில் அதை அறைகளாகப் பிரிக்கிற தடுப்புக் கண்ணாடிகள் இருக்கும். தடுப்பு நிற்கிற இடத்தில் உள்கரை அறுந்து போகிறது, அந்தச் சந்திதான் பலவீனமான இடம். என் கருத்து, தடுப்புகளையும் எடுத்துவிடுங்கள். அதன் இரண்டு பக்கமும் பிளேடு விட்டு அறுத்தால் வந்துவிடும். முதலில் எந்தத் தடுப்பு எந்த இடத்தில், அடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்று வெளிக்கண்ணாடியில் மார்க்கரால் குறித்து ஒரு போட்டோவும் எடுத்துவிடுங்கள். எடுக்கவே முடியாத அமைப்பு என்றால், ஒவ்வொரு அறையையும் தனித் தொட்டியாக நினைத்து, தடுப்பின் காலோரமும் சேர்த்துச் சுற்றிப் போடுங்கள். தடுப்புக்கு நடுவே கொஞ்சம் கசிந்தால் குடிமுழுகாது, அது சம்ப்புக்குள்ளேயேதான் இருக்கும்.

அறுப்பதற்குப் புது பிளேடு வேண்டும். பெயின்டர்கள் வைத்திருக்கிற ஸ்கிரேப்பரில் பிளேடு மாட்டிக்கொண்டால் கைக்குப் பாதுகாப்பு. பிளேடைக் கண்ணாடியில் படுக்கவைத்து, முக்கோணக் கரையின் ஒரு காலை முதலில் அறுங்கள், பிறகு அடுத்த கண்ணாடியில் படுக்கவைத்து அடுத்த காலை. நீளமாகக் கயிறு போல உரிந்து வரும். கூர் போன பிளேடை வைத்து இழுக்காதீர்கள், அது சிலிக்கானை அறுக்காமல் தேய்த்துப் பரப்பும். ஒரே ஒரு எச்சரிக்கை: பிளேடின் முனையை இரண்டு கண்ணாடிக்கு நடுவே குத்தக் கூடாது. அங்கே இருப்பது தொட்டியைத் தாங்குகிற மூட்டு. அதை நோண்டிவிட்டால் நீங்கள் புதிதாக ஒரு கசிவை உண்டாக்குகிறீர்கள்.

கண்ணுக்குத் தெரிகிற சிலிக்கான் போன பிறகும் மெல்லிய படலம் ஒன்று கண்ணாடியில் இருக்கும். வெளிச்சத்தில் பார்த்தால் தெரியாது. வாயால் ஊதிப் பாருங்கள். சுத்தமான கண்ணாடியில் ஆவி ஒரே சீராகப் படிந்து மறையும், படலம் இருக்கிற இடத்தில் திட்டு திட்டாகத் தெரியும். விரலால் தடவினாலும் சொல்லிவிடும்: சுத்தமான இடத்தில் விரல் வழுக்கும், படலம் உள்ள இடத்தில் லேசாகப் பிடித்து இழுக்கும். பிளேடை மாற்றி மறுபடி சுரண்டுங்கள். எந்தத் திட்டும் இல்லை என்கிற வரை சுரண்ட வேண்டும். நம் ஊர்த் தண்ணீரின் உப்புப் படிவும் அதே இடத்தில் பொருக்காக இருக்கும், அதற்கு வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் போட்டு வைத்தால் இளகும். அதன் பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள்.

கடைசித் துடைப்பு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில். மருந்துக் கடையில் பேர் சொல்லிக் கேளுங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் எண்ணெய் சேர்மானம் இருக்கும், சானிடைசரில் கிளிசரின் இருக்கும், இரண்டும் இந்த வேலைக்கு ஆகாது. அசிட்டோனும் நன்றாக வேலை செய்யும், ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் விளக்கோ அடுப்போ வேண்டாம். நனைத்த துணியால் துடைத்த கையோடு, அது ஆவியாவதற்குள் காய்ந்த துணியால் இன்னொரு தடவை துடைத்தால்தான் அழுக்கு துணியோடு வரும், இல்லாவிட்டால் கரைந்து அதே இடத்தில் படியும். அதன் பிறகு அந்த இடத்தில் வெறும் விரல் படக்கூடாது. விரல் ரேகையில் இருக்கிற எண்ணெய்ப் பசையே சிலிக்கான் பிடிக்காமல் போகப் போதும்.

மூலையிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் தள்ளி மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். டியூப் மூக்கைச் சாய்வாக, 5 மில்லிமீட்டர் துளை வருகிற மாதிரி வெட்டுங்கள். டியூபைப் பொருத்திப் பிழிகிற கன்னை ஒரே சீராக அமுக்கி, நிறுத்தாமல் மூலைக்கு மூலை ஒரே ஓட்டமாகப் போட வேண்டும். முதலில் செங்குத்து மூலைகள், உடனே அடிப்பக்கம் நாலு புறமும். மூன்று கண்ணாடி சேர்கிற மூலையில் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள், கசிவு அதிகம் வருவது அங்கேதான். கையுறை போட்ட விரலால் ஒரே இழுப்பில் தடவுங்கள். திருப்பித் திருப்பித் தடவக் கூடாது. மேல் தோல் கட்டத் தொடங்கிய பிறகு தடவினால் உள்ளே கிழியும், அது வெளியே தெரியாது. தடவி முடித்த கையோடு டேப்பை உரித்துவிடுங்கள், காய்ந்த பிறகு உரித்தால் ஓரம் கிளம்பி வரும்.

இந்தத் தோல் கட்டுகிற நேரம்தான் நம் ஊரில் சிக்கல். டியூபில் 10, 15 நிமிடம் என்று போட்டிருக்கும். சித்திரை, வைகாசியில் தருமபுரியில் மத்தியானம் கண்ணாடியே சுடுகிறபோது அதைவிடச் சீக்கிரம் கட்டிவிடும். அதனால் வெயில் காலத்தில் விடியற்காலையில் போடுங்கள், இரண்டு பேராக நில்லுங்கள், ஒருவர் கன் பிடிக்க இன்னொருவர் பின்னாலேயே தடவிக்கொண்டு வரட்டும். தனி ஆள் என்றால் ஒரு பக்கத்தை முடித்துத் தடவிவிட்டு அடுத்த பக்கம் போங்கள். உயரத்தில் இருக்கிற ஓசூரில் மார்கழிக் குளிரில் இதற்கு நேர்மாறு, தோல் கட்டவும் உள்ளே இறுகவும் கூடுதல் நேரம் எடுக்கும்.

மேல் தோல் வேறு, உள்ளே காய்வது வேறு. சிலிக்கான் காற்றில் இருக்கிற ஈரத்தை வாங்கித்தான் இறுகுகிறது, வெளியிலிருந்து உள்ளே மெதுவாக, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்ற கணக்கில். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று மொட்டை மாடியில் கொண்டுபோய் வைக்கிறார்கள், ஹேர் டிரையர் பிடிக்கிறார்கள். வேண்டாம். வறண்ட காற்றில் அது இன்னும் மெதுவாகத்தான் காயும். நிழலில், தூசி படாத அறையில் வைத்து, பக்கத்தில் ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். வினிகர் வாடை தொட்டிக்குள் தேங்கி நிற்காமல் இருக்க, தூரத்தில் ஃபேன் மெதுவாக ஓடினால் நல்லது. தடுப்புகளை மறுநாள் ஒட்டலாம். அவற்றுக்கும் அதே துடைப்பு, அதே சிலிக்கான்.

உங்கள் அளவு சம்ப்புக்கு மூன்று நாள் குறைந்தபட்சம், நான் ஒரு வாரம் விடச் சொல்வேன். மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை கொஞ்சம் இருந்தாலும் இன்னும் வேலை முடியவில்லை.

சோதனையை அலமாரிக்குள் வைத்துச் செய்யாதீர்கள். வாசலிலோ வராண்டாவிலோ சமதரையில் தெர்மகோல் ஷீட் போட்டு, அதன் மேல் நியூஸ்பேப்பர் விரித்து, சம்ப்பை வையுங்கள். பாதி நிரப்பி இரண்டு மணி நேரம் பாருங்கள், பிறகு விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை நிரப்புங்கள். ஒரே அறையில் ஊற்றாமல் எல்லா அறையிலும் சேர்த்து ஏற்றுங்கள், தடுப்பு ஒரு பக்கமாகத் தள்ளப்படாது. ஒரு முழு நாள் நிற்கட்டும். பேப்பரில் ஈர வட்டம் விழுந்தால் மறைக்க முடியாது. தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு தடவை நிரப்பிக் கொட்டுங்கள், காயும்போது வெளிவந்த அமிலத்தில் மிச்சம் மீதி இருந்தால் போய்விடும்.

திரும்ப அலமாரியில் வைப்பதற்கு முன் அந்தப் பலகையைப் பாருங்கள். மாதக்கணக்கில் ஈரம் பட்ட பிளைவுட் ஒரு ஓரம் உப்பியிருக்கும். அதன் மேல் கண்ணாடியை வைத்தால் அடிக்கண்ணாடி ஒரு மூலையில் தூக்கி நிற்கும், அந்த முறுக்கு முழுவதும் மூட்டில்தான் இறங்கும். சில சமயம் கசிவு ஆரம்பித்ததே இதனால்தான் இருக்கும். கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். நம் மாவட்டங்களில் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை. பாலிஷ் போடுகிற பட்டறையில் மிச்சத் துண்டு மலிவாகக் கிடைக்கும், தண்ணீர் பட்டாலும் உப்பாது, சம்ப்புக்கு அருமையான அடித்தளம். ஆனால் கிரானைட் மேல் நேராகக் கண்ணாடியை வைக்காதீர்கள், ஒரு சின்ன மணல் பருக்கை போதும் அடிக்கண்ணாடி தெறிக்க. நடுவே அரை அங்குல தெர்மகோல் கட்டாயம். கிரானைட்டின் எடையையும் அலமாரி தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சம்ப்பில் ஓடுகிற தண்ணீரே 90 லிட்டர், அதாவது 90 கிலோ.

நிரப்பும்போது மேல் தொட்டியில் எந்தத் தண்ணீர் பழகியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு நிறைய வீடுகளில் போர் தண்ணீரும் காவிரித் தண்ணீரும் இரண்டும் இருக்கிறது. இரண்டின் கடினத்தன்மையும் வேறு வேறு, சட்டென்று மாற்றினால் மீன் தாங்காது. குழாயில் வருகிற குடிநீரில் குளோரின் இருக்கும். குளோரினை நீக்குகிற மருந்து விட்டோ, ஒரு நாள் முழுக்க ஏர் ஸ்டோன் ஓடவிட்டோ ஊற்றுங்கள், இல்லையென்றால் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய பாக்டீரியா ஒரே நாளில் போய்விடும். வலைப்பையில் இருந்த மீடியாவைச் சம்ப்பில் போட்டு, பம்ப்பை ஓடவிட்டு, முதல் வாரம் தீனியைப் பாதியாக வையுங்கள்.

முதலில் சொன்ன கரண்ட் சோதனையை இப்போது மறுபடி செய்யுங்கள். ரிட்டர்ன் குழாயின் வாய் ஆழமாக இருந்தால் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிற மாதிரி உயர்த்திக் கட்டுங்கள். அப்புறம், நீங்கள் அனுப்பிய படத்தில் எக்ஸ்டென்ஷன் போர்டு சம்ப்புக்குப் பக்கத்திலேயே தரையில் கிடக்கிறது. ஈரம் அதுவரை போக ஒரு முழம்தான் மிச்சம். சிலிக்கான் வாங்கப் போவதற்கு முன்னால், இன்றைக்கே அதைச் சுவரில் சம்ப் விளிம்புக்கு மேலே ஆணி அடித்து மாட்டுங்கள். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குப் போவதற்கு முன் கீழே ஒரு வளைவு தொங்கி மேலே ஏறட்டும், ஒயர் வழியாக வருகிற சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) இல்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதையும் போட்டுவிடுங்கள்.